எந்தக் குளம்?

போன வருசம் பங்குனி மாதம், ஒரு கிளினிக் நாள். அம்மாவை ஏற்றிக்கொண்டு விசுவமடுவிலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தருமபுரம் தாண்டியிருப்போம். ரேடியோவில் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. அம்மா சமைத்துக்கொண்டிருந்தாலும் அந்த நேரம் வந்தால் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்கிற ஆள். காருக்குள்ளும் அப்படித்தான், கதைத்துக்கொண்டு வந்தவ சட்டென்று நிறுத்திவிட்டா.

"...யன்குளத்தை வதிவிடமாகவும் கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை..."

அந்த இடத்தில் ரோட்டில் ஒரு பள்ளம். இடப்பக்கக் கதவு ஸ்பீக்கர் பொரிந்தது. பெயர் அதற்குள் போய்விட்டது.

"எந்தக் குளமடா தம்பி சொன்னவங்கள்?"

எனக்கும் விளங்கவில்லை. வன்னியில் குளம் என்று மட்டும் கேட்டால் அது ஒரு தகவலே இல்லை. மாங்குளம், புளியங்குளம், வவுனிக்குளம், பாண்டியன்குளம், கனகராயன்குளம் என்று ஊருக்கு ஊர் குளம்தான். 'யன்குளம்' என்று கேட்டபடியால் அது கனகராயன்குளமா, பாண்டியன்குளமா என்பதுதான் கேள்வி. அம்மா கொஞ்ச நேரம் வீதியையே பார்த்துக்கொண்டிருந்தா. "கனகராயன்குளமாத்தான் இருக்கும்" என்று தானே முடிவு சொன்னா. கிளினிக்கில் நம்பர் எடுக்கிற அவதியில் நானும் அதை விட்டுவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிய வந்தது. அது பாண்டியன்குளம். காலமானது அம்மாவின் சிநேகிதி. செத்தவீடு முடிந்து, எட்டாம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குத்தான் போனோம். அங்கே அம்மா ஒரு மூலையில் இருந்தா. யாரோ "ரேடியோவில சொன்னதே, நீங்கள் கேக்கேல்லையோ?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். அம்மா பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதாகவே எனக்குப் பட்டது.

அந்த ரீச்சரை எனக்கும் தெரியும். 1995 ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளாலியால் கடல் கடந்து, அடுத்த வருசம் மல்லாவிப் பக்கம் ஒரு வளவில் கொட்டில் போட்டு இருந்தோம். 1990 தொடக்கம் பொருளாதாரத் தடை. ரேடியோப் பற்றரி தடை செய்த பொருள். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாத்தி, நான்கு டையோட்டும் ஒரு கண்டென்சரும் ஈயம் வைத்துப் பொருத்தி, ரேடியோவுக்குக் கரண்ட் எடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. பத்துப் பதினைந்து பேர் வந்து இருப்பார்கள். அதில் தவறாமல் வருகிறவர் அந்த ரீச்சர். என் கை களைத்து வேகம் குறைந்தால் சத்தமும் இறங்கும். அப்போது அவ எழும்பி வந்து, "விடு அப்பன், நான் சுத்துறன்" என்று பெடலை வாங்குவா. சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட்ஸ். அவ்வளவுதான். அதைக் கொண்டு அத்தனை பேரும் ஒரு சொல் பிசகாமல் செய்தி கேட்டோம்.

கார் ஸ்பீக்கர் மாற்றின கதைதான் இந்தக் கட்டுரை. அந்த 3 வாட்ஸை இது முழுக்க நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் காரில் அதைவிடக் கூடச் சக்தி இருந்தது. ஆனால் ஒரு ஊரின் பெயர் கேட்கவில்லை.

கார் 1997ஆம் ஆண்டு ரொயோட்டா கொறோலா, எங்கள் பக்கம் 110 என்று சொல்லுகிற சாதி. ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது. மாற்றலாம் என்று யோசித்த காலத்தில், 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குள் பழைய காரின் விலையே கண்ணைக் கட்டியது. ஆகவே உள்ளதைத் திருத்தி ஓடுவது என்று இருந்துவிட்டேன். இயந்திரம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பழுதானது காதுக்குப் போகிற பக்கம்.

முதலில் நான் சந்தேகப்பட்டது ரேடியோவை. ஜப்பான் கார் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அங்கே எப்எம் 76 இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான், இங்கே 88 இலிருந்து 108. அதனால் ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள், பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று. அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 102இல் வருகிற நிலையம் திரையில் 82 என்று காட்டும். அந்தப் பெட்டி பழுதானாலும் சத்தம் கரகரக்கும், நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஆனால் எனக்கு வந்தது அந்தக் கரகரப்பு இல்லை. பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. வீட்டில் கிடந்த ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கரை ரேடியோவின் வயரில் நேரே தொடுத்துப் பார்த்தேன். குரல் பளிச்சென்று வந்தது. ரேடியோவிலும் எக்ஸ்பாண்டரிலும் குற்றம் இல்லை. இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூடப் போகாது. காரில் சத்தம் சரியில்லை என்றதும் புதுச் செற் வாங்க ஓடுகிறவர்கள் இதை முதலில் செய்து பார்க்கவேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இவ்வளவும் செய்தும், அடுத்த அடியைப் பிழையாகத்தான் வைத்தேன். டவுனில் ஒரு கடையில், முட்டை வடிவப் பெரிய ஸ்பீக்கர் ஒரு சோடி, 6க்கு 9 அங்குலம், மேலே 1000 வாட்ஸ் என்று தங்க எழுத்து. பின்சீற்றுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் ஓட்டை வெட்டிப் பூட்டிக் கொண்டுவந்தேன். அன்று பின்னேரமே அம்மாவை ஏற்றிப் பரந்தன் வரை போனேன். திரும்பி வரும்போது அம்மா சொன்னா, "வயித்துக்கை இடிக்குது தம்பி. ஆள் கதைக்கிறது முந்திக் கேட்டதும் இப்ப கேக்கேல்லை."

இந்த 1000 வாட்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கார் ஓடுகிறபோது மின்சாரம் ஏறக்குறைய 14.4 வோல்ட். தனி அம்பிளிஃபயர் இல்லாத ரேடியோ, 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குக் கொடுக்கக்கூடியது எவ்வளவு? 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, 4 ஓமின் இருமடங்கான 8ஆல் பிரித்தால் ஏறக்குறைய 26 வாட்ஸ் வரும். இதுதான் கணக்கின் கூரை. உள்ளே இருக்கும் இழப்புகள் போக, சத்தம் கிழியாமல் கிடைப்பது 15 இலிருந்து 20. பெட்டியில் '50 வாட்ஸ் நான்கு' என்று போட்டிருப்பது கண நேர உச்சம். இரண்டு பேர் கதைத்துக்கொண்டே கேட்கிற அளவுக்கு வைத்தால் உண்மையில் செலவாவது 1 வாட்ஸோ 2 வாட்ஸோதான். டைனமோவுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை.

ஆகவே பார்க்கவேண்டிய எண் வேறு. 1 வாட்ஸ் கொடுத்து 1 மீற்றர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கரின் கடதாசியில் போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதிச் சக்தி போதும். 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 5 வாட்ஸ் கொடுப்பதும் 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்று. பழைய ரேடியோவையே வைத்துக்கொள்ளப் போகிறவர் 90க்கு மேலே பார்த்து எடுப்பது நல்லது. அந்த எண்ணே போடாமல் வாட்ஸை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும் பெட்டியை நான் இனித் தொடமாட்டேன்.

பிறகுதான் தருமபுரத்தில் ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணையிடம் போனேன். சண்டைக் காலம் முழுக்க இடம்பெயர்ந்த இடமெல்லாம் மேசை போட்டு ரேடியோ திருத்தியவர். என் அப்பா செய்த டைனமோ வேலையை ஒரு நூறு பேருக்காவது செய்து கொடுத்திருப்பார். காருக்குள் ஏறி இருந்து, பாட்டு வேண்டாம், செய்தி போடு என்றார். கண்ணை மூடிக் கேட்டார். சத்தத்தை இடப்பக்கம் மட்டும், வலப்பக்கம் மட்டும் என்று மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"உயிர் கேக்குது தம்பி. மெய் கேக்கேல்லை."

நான் முதலில் வேறு ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது எழுத்தைத்தான். ஆ, ஈ, ஓ என்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. ச, த, ப என்று ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துக் காட்டுகிற மெய்யொலிகளின் அடையாளம் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே, 'ஸ்' போன்றவை 4000க்கும் மேலே. பழைய தொலைபேசி 300 இலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். அதனால்தான் அதில் பெயரைச் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டி வந்தது. என் காரின் கதவில் இருந்தது ஒற்றைக் கடதாசிக் கூம்பு, உயர்ந்த அதிர்வுகளுக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கிடையாது. அதுவும் அம்மாவின் கணுக்கால் உயரத்தில். உயர்ந்த அதிர்வுகள் வெளிச்சம் மாதிரி நேரே போகிறவை, காலுக்கு அடித்தால் காதுக்கு வராது. வயது போகப் போக மனிதக் காதில் முதலில் குறைவதும் இந்த மேல்பக்கம்தான். எழுபது தாண்டிய ஒருவருக்குச் சத்தத்தைக் கூட்டினால் உயிரொலிதான் இன்னும் கூடும். மெய் அங்கேயே நிற்கும்.

இதை யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. வாங்கவேண்டியது என்ன என்பது அந்த இடத்திலேயே முடிவாயிற்று. கதவுக்கு 16 சென்ரிமீற்றர் ஸ்பீக்கர், தனி ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் க்ரொஸ்ஓவர் என்று மூன்றும் தனித்தனியாக வருகிற செற். நடுவிலேயே ட்வீட்டர் குத்தியிருக்கும் ஸ்பீக்கர் மலிவு, பூட்டுவதும் சுகம், பலருக்கு அது போதும். எனக்குக் காதுக்குப் பக்கத்தில் ஒன்று வேண்டியிருந்தது. விலை, முன்னர் வீணாகப் போன பெரிய சோடியைவிடக் கொஞ்சம்தான் கூட. அந்தச் சோடியைக் கழற்றி, கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற பெடியன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

வாங்க முதல் அளக்கவேண்டும். ஓட்டையின் அகலத்தை எல்லாரும் அளப்பார்கள். ஆழத்தைக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளக்கவேண்டும். கண்ணாடி ஏறி நிற்கும்போது கதவுக்குள் தாராளமாக இடம் இருப்பதாகத் தெரியும். இறங்கினால் ஸ்பீக்கரின் காந்தம் அதில் முட்டும். என் கதவில் கண்ணாடி வரை 56 மில்லிமீற்றர், வாங்கின ஸ்பீக்கரின் ஆழம் 62. ஆகவே நடுவில் ஒரு வளையம் வேண்டும். வளையம் தடித்தால் ஸ்பீக்கர் முன்னுக்கு வந்து கதவின் உள்பக்கத்தை மூடும் மட்டையின் சல்லடையில் முட்டும். அந்தப் பக்கத்தையும் அளந்து 12 மில்லிமீற்றர் என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, வெயில் ஏற முதல், வேம்புக்குக் கீழே காரை விட்டு வேலையைத் தொடங்கினேன். 10ஆம் நம்பர் சாவியால் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றி ஒதுக்கினேன். கதவு மட்டையில், கைபிடிக் குழிக்குள் ஒரு ஸ்குறூ, உள் திறப்புக்குப் பின்னால் ஒன்று, கண்ணாடி மூலையில் முக்கோண மூடி. இவை போனால் மிச்சமெல்லாம் பிளாஸ்ரிக் கிளிப். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் வெயில் குடித்த கிளிப் பிஸ்கற் மாதிரி உடையும். ஸ்குறூ டிரைவரால் நெம்பினால் கதவின் பெயின்ற் போகும். பனை மட்டையில் ஒரு சாண் துண்டு வெட்டி, நுனியைத் தட்டையாகச் சீவி, அதைச் செருகி நெம்பினேன். ஒரு கீறல் விழவில்லை. கிளிப் மட்டும் ஐந்து உடைந்தது. ஒரு டசின் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன்.

மட்டையை மேலே தூக்கிக் கழற்றியதும் உள்ளே எங்கள் ஊர் இருந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்குச் செம்புழுதி, மழைத்தண்ணீரில் ஊறிக் காய்ந்து ஓடு மாதிரி வெடித்திருந்தது. கண்ணாடி ஓடுகிற தண்டுக்குப் பக்கத்தில் வேட்டுவன் குளவியின் மண்கூடு ஒன்று. ஸ்பீக்கரின் நாலு ஸ்குறூவையும் கழற்றி வெளியே எடுத்தேன். கடதாசிக் கூம்பு ஒரு பக்கம் ஈரம் குடித்துப் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. கூம்பையும் இரும்புச் சட்டத்தையும் இணைக்கிற சுற்றுப் பஞ்சில் விரல் வைத்தேன். பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, கருந்தூளாக உதிர்ந்தது. அரைவட்டம் முழுக்கப் பஞ்சே இல்லை. அந்தப் பக்கம் பிடிமானம் இல்லாமல் கூம்பு சாய்ந்து, அதன் சுருள் காந்தத்தில் உரசியிருக்கிறது. பொரிச்சல் சத்தம் அதுதான். மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தேன். 3.4 ஓம் காட்டியது. 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், சுருள் எரியவில்லை. கரண்டைப் பொறுத்தவரை உயிரோடுதான் இருந்தது. நம்முடைய வெப்பமும் ஈரமும் அந்தப் பஞ்சைத் தின்றுவிட்டது. இதனால்தான் புதிதாக வாங்கும்போது சுற்றிலும் ரப்பர் வைத்ததாக, கூம்பு பிளாஸ்ரிக் சேர்ந்ததாகப் பார்த்து வாங்கினேன்.

அந்தப் பழைய ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பங்குனிக் காலையில் பெயரை விழுங்கினது இதுதான். எறிய மனம் வரவில்லை. இப்போதும் கொட்டிலில் இருக்கிறது.

ஸ்பீக்கர் மாற்றுகிற பெரும்பாலானோர் இந்த இடத்தில் புதியதைப் பூட்டி மட்டையை மூடிவிடுவார்கள். எனக்கு அண்ணை திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியது கதவைப் பற்றித்தான். "வீணையிலை தந்தி மட்டும் இல்லை தம்பி, குடமும் இருக்கு." காரில் கதவுதான் குடம். ஸ்பீக்கர் முன்னுக்குத் தள்ளுகிற காற்றின் அளவே பின்னுக்கும் இழுக்கிறது. கதவின் உள்தகட்டில் கை போகிற பெரிய ஓட்டைகள் இருக்கின்றன, பின்பக்கச் சத்தம் அதால் வெளியே வந்து முன்பக்கச் சத்தத்தை அழிக்கிறது. குரலின் கனம் இதில்தான் போகிறது. அந்த ஓட்டைகளை மூடத்தான் கம்பனி ஒரு பொலித்தீன் விரிப்பு ஒட்டியிருக்கும். என் கதவில் அதை யாரோ எப்போதோ கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

கதவின் வெளித்தகட்டை விரலால் தட்டினேன். வெறும் மண்ணெண்ணெய்த் தகரம் மாதிரி 'டங்' என்றது. ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் உள்ள விரிப்பு வாங்கியிருந்தேன். தகட்டைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிற்றால் துடைத்து, புத்தக அளவில் வெட்டின துண்டுகளை ஓட்டை வழியாகக் கைவிட்டு ஒட்டி, ஒரு சின்னச் சோடாப் போத்தலை உருட்டி அழுத்தினேன். முழுத் தகட்டையும் மூடத் தேவையில்லை. காற்பங்கு மூடினாலே போதும், தகடு அதிர்வதை விட்டுவிடும். திரும்பத் தட்டினேன். 'தொப்' என்று பலகை மாதிரிக் கேட்டது. செலவைக் குறைக்கக் கூரைக்கு ஒட்டுகிற தார் விரிப்பை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் அது இளகி வழியும், கார் முழுக்கத் தார் மணக்கும். வேண்டாம்.

பிறகு உள்தகட்டின் ஓட்டைகளைத் தடித்த பிளாஸ்ரிக் தாளால் மூடி, விளிம்பில் பியூட்டைல் நாடா ஒட்டினேன். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மழைத்தண்ணீர் கண்ணாடியின் ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், எந்தக் காரிலும். அது வெளியேறும் வழி அந்த ஓட்டைகள்தான். அவற்றை அடைத்தால் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கதவு ஒரு வாளியாக இருக்கும், அடுத்த வருசம் அடித்தகடு கறள் பிடித்து விழும். என் கதவில் புழுதி இறுகி இரண்டு ஓட்டை முன்னரே அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். காந்தத்தின்மேல் தண்ணீர் சொட்டாமல், ஐஸ்கிறீம் பெட்டி மூடியை வளைத்து ஒரு சின்னத் தாழ்வாரமும் இறக்கிவிட்டேன்.

வளையத்துக்கு ஊரிலுள்ள தச்சு அண்ணையிடம் போனேன். பாலையிலும் முதிரையிலும் நிலை, கதவு செய்து பழகின கை. என் கீறலைப் பார்த்து, அழுத்தின மரத்தூள் பலகை வேண்டாம் என்றார். ஈரம் பட்டால் ஊதிவிடும். தண்ணீருக்குத் தாங்குகிற பிளைவூட்டில் வட்டம் வெட்டி, விளிம்பை அரத்தால் இழைத்துத் தந்தார். இரண்டு பக்கமும் எனாமல் பெயின்ற் மூன்று தரம் பூசினேன். கதவோடு சேருகிற பக்கத்திலும் ஸ்பீக்கர் சேருகிற பக்கத்திலும் மெல்லிய பஞ்சு நாடா ஒட்டினேன். காற்று ஒழுகக்கூடாது.

வயர் வேலையில்தான் பழைய வினை ஒன்று வெளியே வந்தது. கார் என் கைக்கு வர முதல் யாரோ ஒரு கடையில் வேலை செய்வித்திருக்கிறார்கள். கம்பனி பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டும் ஒரே கறுப்பு நிற வயரை முறுக்கி ரேப் சுற்றி விட்டிருந்தார்கள். வெப்பத்தில் ரேப்பின் பசை வழிந்து, முறுக்கு வெளியே தெரிந்தது. ஒழுங்கான வழி, பிளக்கை வெட்டாமல் அதற்குப் பொருந்தும் இணைப்பு வயர் வாங்கிப் போடுவது. எனக்கு அந்த வழி இல்லை. ஆகவே ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடினேன். கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ரப்பர்க் குழாய்க்குள் போகும் இடத்தையும் வளைத்துப் பார்த்தேன். கதவு திறந்து மூடித் திறந்து மூடி வயர் உள்ளே அறுவது அங்கேதான். அது தப்பியிருந்தது. க்ரொஸ்ஓவரை மழை படாத பக்கம், மட்டைக்கும் பிளாஸ்ரிக் தாளுக்கும் நடுவில் உயரமாகக் கட்டினேன்.

வலப்பக்கக் கதவையும் அன்றே முடித்தேன். பின்னேரம் பற்றரியைத் தொடுத்து ரேடியோவைப் போட்டேன். இடப்பக்கம் மட்டும் வைத்தால் நல்ல குரல். வலப்பக்கம் மட்டும் வைத்தால் நல்ல குரல். இரண்டையும் சேர்த்து நடுவில் வைத்தால் குரலின் வயிறு காணாமல் போகிறது. ஆள் தொண்டையால் மட்டும் கதைக்கிற மாதிரி, எங்கிருந்து என்று சொல்லத் தெரியாமல். முழுநாள் வேலை, இருட்டுகிற நேரம். மனம் விட்டுப்போயிற்று.

ரேடியோ அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். நான் சொல்லி முடிக்க முதலே, "ஒரு பக்கம் வயர் மாறியிருக்கு" என்றார். அடுத்த நாள் தானே வந்தார். சேர்ட் பொக்கற்றிலிருந்து ஒரு 1.5 வோல்ட் பற்றரியை எடுத்தார். ரேடியோப் பக்கம் வயர்களைக் கழற்றி, பற்றரியின் பொசிற்றிவ்வைப் பொசிற்றிவ் என்று நாங்கள் நினைத்த வயரில், நெகற்றிவ்வை மற்றதில், ஒரு கணம் தொட்டு எடுத்தார். நான் கதவோடு குனிந்து கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கக் கூம்பு 'டப்' என்று வெளியே வந்தது. இடப்பக்கம் உள்ளே போனது. இரண்டு கறுப்பு வயரையும் அன்றைக்கு வெட்டினவர்கள் மாற்றித் தொடுத்திருக்கிறார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது, தாழ்ந்த ஒலிகள் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன. இத்தனை வருசமும் பழைய ஸ்பீக்கர்களும் அப்படித்தான் எதிரெதிராக ஓடியிருக்கின்றன.

மாற்றித் தொடுத்தோம். பற்றரியை அவர் துடைத்துத் திரும்பப் பொக்கற்றில் போட்டார். "இந்த ஒண்டுக்கு அந்த நேரம் என்ன பாடு" என்றார். நான் ஓம் என்றேன்.

ட்வீட்டரைக் கண்ணாடி மூலை முக்கோணத்தில் வைத்தேன். நேரே காதைப் பார்த்து வைத்தால் குத்தும். ஆகவே இரண்டையும் காரின் நடுவைப் பார்க்கத் திருப்பி, இரட்டைப்பக்க நாடாவால் தற்காலிகமாக ஒட்டி ஒரு கிழமை ஓடிப் பார்த்துத்தான் ஓட்டை போட்டேன். க்ரொஸ்ஓவரில் ட்வீட்டரை 3 டெசிபல் குறைக்கிற ஒரு ஆளி உண்டு. எனக்குக் குறைத்து வைத்தது பிடித்தது. அம்மாவை இருத்திக் கேட்டேன், குறைக்காமல் வைத்ததுதான் நல்லம் என்றா. அப்படியே விட்டேன். ரேடியோவில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, நடுவிலிருந்து இரண்டு படி இறக்கினேன். கதவு ஸ்பீக்கருக்கு அதற்குமேல் கொடுத்தால் அது உறுமலில் உழைத்துக்கொண்டிருக்கும், பேச்சுக்கு இடம் விடாது.

வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வர ஒரு கிரவல் ஒழுங்கை. மழைக்குப் பிறகு தகரம் நெளிந்த மாதிரி வரிவரியாக இருக்கும். முன்னர் அதில் ஏறினால் இரண்டு கதவும் சேர்ந்து பேசும், ரேடியோவை நிறுத்திவிடுவேன். அடுத்த கிளினிக் நாள் காலை, நிறுத்தாமல் ஓடினேன். கதவு மூச்சுக் காட்டவில்லை. செய்தி வாசிக்கிறவர் ஒரு வசனம் முடித்து மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

தருமபுரம் தாண்டும்போது மரண அறிவித்தல் தொடங்கியது. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னுக்குக் குனியாமல், சாய்ந்தபடியே கேட்டா. முன்னர் ஒவ்வொரு தரமும் குனிந்துதான் கேட்பா, அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"துணுக்காயைப் பிறப்பிடமாகவும், வவுனிக்குளத்தை வதிவிடமாகவும் கொண்ட..."

"வவுனிக்குளம்" என்று அம்மா மெல்லத் தனக்குள் சொன்னா. பெயரை வாசித்தார்கள். பிள்ளைகளின் பெயர், மருமக்களின் பெயர், கிரியை நடக்கும் நேரம் எல்லாம் வந்து முடிந்தது.

"தெரிஞ்ச ஆக்களோ அம்மா?"

"இல்லையப்பன்."

பரந்தன் சந்தியில் திரும்ப சிக்னல் போட்டேன். அம்மா கையை நீட்டி ரேடியோவின் பொத்தானைத் தானே தேடிப் பிடித்து, சத்தத்தைக் குறைத்தா.

"உவ்வளவு தேவையில்லை. கேக்குது."